பாடிகார்ட் வேலைக்கு வரணுமா? ஜிம்முக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பாடிகார்ட் ஆக ஆசைப்படுகிற பையன்கள் முதலில் போய் நிற்கிற இடம் ஜிம். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு வருடம் உடம்பை ஏற்றிவிட்டு "அடுத்து என்னண்ணே?" என்று வந்து நிற்கும்போது கையில் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் இருக்காது, பயிற்சிச் சான்றிதழ் இருக்காது, ரத்தம் கொட்டினால் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியாது, கார் நின்றதும் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்றும் தெரியாது. இந்த வேலையில் அடிதடி என்பது மற்ற எல்லாம் தோற்ற பிறகு வருவது. ஆபத்து இருக்கிற இடத்துக்கு முதலாளியைப் போகவிடாமல் பார்ப்பது, போய்விட்டால் சத்தமில்லாமல் வெளியே கூட்டிக்கொண்டு வருவது, இதற்குத்தான் சம்பளம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, பின்னணி எதுவும் இல்லாமல், புதிதாக இந்தத் துறைக்குள் நுழைய நினைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்த வாசல் வழியாக உள்ளே போவது

முதல் வாசல் அரசு. அமைச்சர், நீதிபதி, மிரட்டல் உள்ள அரசியல்வாதி ஆகியோருக்குப் பின்னால் சஃபாரி சூட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் போலீஸ்காரர்கள்தான். பி.எஸ்.ஓ (தனிப் பாதுகாப்பு அதிகாரி) என்றும் கன்மேன் என்றும் சொல்வது இவர்களைத்தான். அந்த இடத்துக்கு நேராக விண்ணப்பிக்க முடியாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேறி, ஆயுதப்படையில் வேலை பார்த்து, அங்கிருந்து பாதுகாப்புப் பணிக்கு எடுக்கப்பட வேண்டும். 10ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். உயரம் ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ.; எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குச் சற்றுக் குறைவு. பிரதமரைக் காக்கிற எஸ்.பி.ஜி.யிலும் என்.எஸ்.ஜி. கமாண்டோ படையிலும் நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது, ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ போலீசிலோ இருப்பவர்களை அயற்பணியில், அதாவது தற்காலிகமாக இடம் மாற்றித்தான் எடுக்கிறார்கள். "எஸ்.பி.ஜி.யில் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வயது வரம்பு இன்னும் தாண்டவில்லை என்றால் இந்த வாசலைத்தான் முதலில் முயற்சி செய்யச் சொல்வேன். போலீசிலோ பட்டாளத்திலோ இருந்துவிட்டு வருபவருக்குத் தனியார் துறை கதவைத் திறந்தே வைத்திருக்கிறது, ஆட்களை எடுக்கும்போது அவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்று சட்டமே சொல்கிறது.

இரண்டாவது, உரிமம் பெற்ற செக்யூரிட்டி நிறுவனம். மூன்றாவது, ஒரு தொழிலதிபர் வீட்டிலோ நடிகர் வீட்டிலோ நேரடியாகச் சேர்வது. இது முழுக்க முழுக்கத் தெரிந்தவர் சொல்லி நடக்கும், புதியவருக்குக் கிடைக்காது. நான்காவது பவுன்சர் வேலை: பட விழா, கல்யாணம், பப், கடை திறப்பு, கட்சி நிகழ்ச்சி. நம் ஆட்களில் பெரும்பாலோர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பேச்சு. கூட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள இது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் பவுன்சர் வேலையின் பழக்கங்களை அப்படியே பாடிகார்ட் வேலைக்குத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. பவுன்சர் ஒரு வாசலைக் காக்கிறார், அங்கே முறைத்துக்கொண்டு நிற்பதற்கும் ஒரு பயன் உண்டு. பாடிகார்ட் காப்பது நடமாடுகிற ஒரு ஆளை. அவர் பக்கத்தில் முறைத்துக்கொண்டே நின்றால் அவருடைய தொழில் கெட்டுப்போகும், உங்களை மாற்றிவிடுவார்.

என்னைக் கேட்டால், போலீஸ் வாசல் இல்லை என்றானவர்கள் உரிமம் பெற்ற நிறுவனத்தில் சாதாரணக் காவலராகச் சேருங்கள், ஸ்டார் ஹோட்டலோ கார்ப்பரேட் அலுவலகமோ கிடைத்தால் இன்னும் நல்லது. ஓரிரண்டு வருடம் அங்கே ஒழுங்காக நின்றவரைத்தான் நிறுவனம் வி.ஐ.பி. டியூட்டிக்கு அனுப்பிப் பார்க்கும்.

சட்டம் என்ன கேட்கிறது

தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. துறையில் பசாரா என்பார்கள். இதன்படி காவலராக இருக்க 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, நடத்தை பற்றிய சரிபார்ப்பில் தேற வேண்டும், பயிற்சி முடித்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரை வேலைக்கு வைக்க முடியாது. ஒழுங்கீனத்துக்காகப் போலீசிலிருந்தோ ராணுவத்திலிருந்தோ நீக்கப்பட்டவருக்கும் இடமில்லை.

மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்லும் பயிற்சி 100 மணி நேரம் வகுப்பறை, 60 மணி நேரம் களம், குறைந்தது 20 வேலை நாட்களில் பரவியிருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் 40 மணி நேரமும் 16 மணி நேரமும் போதும், 7 நாளில் முடியும். உயரம் ஆண்களுக்கு 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. மார்பளவு ஆண்களுக்கு 80 செ.மீ., மூச்சை இழுத்தால் 4 செ.மீ. விரிய வேண்டும். நிறக்குருடு இருக்கக் கூடாது. ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். கவனித்தீர்களா, இதில் பைசெப்ஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் தெரியாமலே மாட்டுகிறார்கள். ராணுவம், போலீஸ் உடையைப் போன்ற சீருடையைத் தனியார் காவலர் போட்டால் அவருக்கும் நிறுவன உரிமையாளருக்கும் ஒரு வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. அந்தப் பச்சைப் புள்ளி போட்ட கமாண்டோ பேண்ட் கெத்தாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். அதேபோல, நீங்களே பத்துப் பையன்களைச் சேர்த்து "பவுன்சர் டீம்" என்று விசிட்டிங் கார்டு அடித்து நிகழ்ச்சிக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒரு செக்யூரிட்டி நிறுவனம். உரிமம் இல்லாமல் அதை நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

பேப்பர்களை முதலில் தயார் செய்யுங்கள்

ஆதார், பான், கல்விச் சான்றிதழ், வங்கிக் கணக்கு இதெல்லாம் எல்லோரிடமும் இருக்கும். இல்லாதவை மூன்று: தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்கும் சரிபார்ப்புச் சான்றிதழ், நான்கு சக்கர வாகன ஓட்டுநர் உரிமம், செல்லுபடியாகும் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் எதற்கு என்றால், முதலாளி திடீரென்று துபாய், கொழும்பு, சிங்கப்பூர் என்று கிளம்பும்போது "இவனிடம் பாஸ்போர்ட் இருக்கு" என்கிற ஒரே காரணத்துக்காக வாய்ப்பு கிடைத்தவர்கள் உண்டு. உங்கள் பெயரில் பழைய வழக்கு ஏதாவது இருந்தால், கல்லூரிக் காலத்து அடிதடியாக இருந்தாலும், ஒரு வக்கீலிடம் போய் அதன் நிலை என்ன என்று பாருங்கள். மறைத்துச் சேர்ந்தால் என்றாவது ஒரு நாள் சரிபார்ப்பில் வெளியே வரும், அன்றைக்கு அந்த வேலை மட்டும் போகாது, பெயரும் போய்விடும்.

நிறுவனத்தில் சேரும்போது அவர்களுடைய பசாரா உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், மத்திய உள்துறையின் பசாரா இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம். பயிற்சிக்கு, சீருடைக்கு, "டெபாசிட்"டுக்கு என்று சேரும் முன்பே பெரிய தொகை கேட்டாலும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றாலும் வேண்டாம். பி.எப். பிடிக்கிறார்களா, யு.ஏ.என். என்கிற பி.எப். கணக்கு எண்ணைத் தருகிறார்களா, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உடம்பை வைத்துப் பிழைக்கிற வேலை இது, கால் உடைந்து வீட்டில் கிடக்கும் மாதத்தில் இ.எஸ்.ஐ. அட்டைதான் பேசும்.

உடம்பு

பத்து மணி நேரம் நிற்க வேண்டும், திடீரென்று ஐம்பது மீட்டர் ஓட வேண்டும், எண்பது கிலோ ஆளைத் தூக்கி அல்லது இழுத்துக் காருக்குள் தள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் தயாராகிற உடம்பு போதும். ஓட்டம், படி ஏறுவது, ஸ்குவாட், டெட்லிஃப்ட், கோர் பயிற்சி. ஜிம்மில் யாராவது ஊசி, மாத்திரை என்று ஸ்டீராய்டு பேச்சை எடுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், இதயத்தைக் கெடுக்கும், கோபத்தையும் ஏற்றிவிடும், கோபக்காரனுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை.

தற்காப்புக் கலையில் ஜூடோ, மல்யுத்தம், ஜியு ஜிட்சு மாதிரி பிடித்து நிறுத்துகிற கலையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். குத்துவதைவிட, ஒருவருடைய மணிக்கட்டைப் பிடித்து அவருக்கு வலிக்காமல் நான்கு அடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிற தேவைதான் தினமும் வரும். சிலம்பம் தெரிந்தவர்களுக்குக் கால் வைப்பும் தூரக் கணக்கும் ஏற்கெனவே கைவந்திருக்கும், அது நல்ல அடிப்படை. அப்புறம் ஷூ. மலிவான தோல் ஷூ போட்டு ஒரு கல்யாண வரவேற்பு முழுக்க நின்று பாருங்கள், குதிகால் சொல்லும். ரப்பர் அடி வைத்த, வழுக்காத, சத்தம் வராத கறுப்பு ஷூவுக்குக் காசு செலவு பண்ணுங்கள்.

உண்மையான வேலை: முன்னாடியே போய்ப் பார்ப்பது

துறையில் இதை அட்வான்ஸ் என்பார்கள். முதலாளி போகப்போகிற இடத்துக்கு நீங்கள் முதல் நாளோ, குறைந்தது சில மணி நேரம் முன்னாலோ போய்ப் பார்த்துவிட்டு வருவது. மற்றவர்கள் இதைச் சடங்காகச் செய்துவிட்டுப் போவார்கள். நல்ல பாடிகார்ட் யார் என்பது இங்கேதான் தெரியும்.

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம், நம் ஊரில் வி.ஐ.பி. டியூட்டி பாதி அங்கேதான் நடக்கிறது. கார் எங்கே நிற்கும்? வாசலில் பூ வளைவும் மேளமும் வரவேற்புக் கூட்டமும் இருந்தால் கார் முப்பதடி தள்ளித்தான் நிற்கும், அந்த முப்பதடியில்தான் எல்லோரும் கைகொடுக்க வருவார்கள். பக்கவாட்டு வாசல் உண்டா, அதன் சாவி யாரிடம்? மண்டபம் மாடியில் என்றால் லிஃப்ட் எத்தனை பேர் தாங்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக எடுக்குமா, ஆள் போய் இழுக்க வேண்டுமா? மேடைக்கு ஏறும் படி ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? இரண்டு பக்கமும் என்றால் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கிவிடலாம், ஒரு பக்கம் மட்டும் என்றால் பரிசு கொடுக்க நிற்கிற வரிசைக்கு எதிரே இறங்க வேண்டும். வீடியோக்காரரின் கிரேன் எங்கே சுழல்கிறது? சமையல்கட்டு வழியாகப் பின்பக்கம் போக வழி இருந்தால் ஒருமுறை நடந்து பாருங்கள், தரை எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், வாசலில் கேஸ் சிலிண்டரோ பாத்திரமோ அடுக்கியிருப்பார்கள். மேனேஜரிடம் "அண்ணே, ஆறு மணிக்கு மேல இந்தக் கதவை மட்டும் காலியா வச்சிருங்க" என்று மரியாதையாகச் சொல்லி, அவர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இருபத்துநான்கு மணி நேர அவசர சிகிச்சை இருக்கிறது, அந்த நேரத்து டிராஃபிக்கில் எவ்வளவு நேரம் ஆகும் என்று வண்டியில் போய்ப் பாருங்கள். கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்பி இருந்துவிட்டால் முகூர்த்த நாளில் ஏமாற்றிவிடும்.

கோவில் என்றால் கணக்கு வேறு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோவில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னது. உள்ளே நீங்கள் போனில் பேச முடியாத கோவில்களில், முதலாளி வெளியே வரும் வாசல் மாறினால் டிரைவருக்கு எப்படிச் சொல்வீர்கள்? அதனால் முன்கூட்டியே "கிழக்கு வாசலில் வரவில்லை என்றால் இத்தனை நிமிடம் கழித்து தெற்கு வாசலுக்கு வா" என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். செருப்பு எங்கே விடுவது என்பதுகூடப் பாதுகாப்பு விஷயம்தான், வெறுங்காலோடு சுடுகிற கல்லில் முதலாளியை நிற்க வைத்துவிட்டுச் செருப்பு டோக்கனைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பெல்ட்டும் ஷூவும் இல்லாமல் வேட்டியில் வேலை பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவருக்கு முனையத்துக்குள் பொதுவாக அனுமதி இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நடக்கும்போதும் காரிலும்

தனியாளாக இருந்தால் முதலாளிக்கு ஒரு கை தூரத்தில், சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நடங்கள். எதிரே வருகிறவர்களின் முகத்தைவிடக் கைகளைப் பாருங்கள். முகம் சிரிக்கும், கைதான் ஏதாவது செய்யும். ஒரு கை சட்டைக்குள்ளோ துண்டுக்குள்ளோ இருந்தால் அந்த ஆளுக்கும் முதலாளிக்கும் நடுவில் நீங்கள் வந்துவிட வேண்டும், சண்டை இல்லாமல், சாதாரணமாக வழி விலக்கிவிடுகிற மாதிரி. பொன்னாடையும் மாலையும் நம் ஊர்ப் பாதுகாப்பில் பெரிய தலைவலி. மாலை போடும் நொடியில் முதலாளியின் தலை குனிந்திருக்கும், கை கும்பிட்டிருக்கும், எதிரே இருப்பவரின் இரண்டு கையும் அவர் கழுத்தில் இருக்கும். முடிந்தவரை மாலையைக் கையில் வாங்கிக்கொள்ளும்படி முதலாளியிடம் முன்பே பேசி வையுங்கள்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டால் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டிய விஷயம். மாலையோடு நெருங்கிய பெண்ணை அங்கே பணியில் இருந்த பெண் எஸ்.ஐ. தடுக்கப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று ராஜீவ் காந்தியே விடச் சொன்னார். அப்போது அவருக்கு எஸ்.பி.ஜி. பாதுகாப்பும் இல்லை. அவருடைய தனிப் பாதுகாவலரும் அந்த வெடிப்பில் இறந்தார். கூட்டத்தை விரும்புகிற ஒரு தலைவரிடம் "வேண்டாம் சார்" என்று மேடையருகில் நின்று சொல்ல முடியாது. அதை இரண்டு நாள் முன்னால், தனியாக, அவருக்கு நேரம் இருக்கும்போது சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். யார் மாலை போடலாம், எத்தனை பேர், எந்த இடத்தில் என்று ஒரு ஏற்பாட்டுக்கு அவரைக் கொண்டுவருவது பாடிகார்டின் வேலைதான், சங்கடமாக இருந்தாலும்.

காரில் நீங்கள் முன் சீட்டில் இடப்பக்கம், முதலாளி உங்களுக்கு நேர் பின்னால். கார் நின்றதும் அவர் கதவைத் திறக்க அவசரப்படாதீர்கள், முதலில் நீங்கள் இறங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்புறம் திறங்கள், கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் உங்கள் உடம்பு இருக்கட்டும். சிக்னலில் முன்னால் நிற்கிற வண்டியின் பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லி டிரைவரைப் பழக்குங்கள், ஒடித்துத் திருப்பி வெளியேற அந்த இடம் போதும். பார்க்கிங்கில் எப்போதும் ரிவர்ஸ் போட்டு, முகம் வெளியே பார்த்தபடி நிறுத்த வேண்டும். டிரைவரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் பழக்கங்கள், சொந்தக்காரர்கள், யாரோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

முதலுதவி

துப்பாக்கிக் குண்டைவிட மாரடைப்பும் சாலை விபத்தும்தான் உங்கள் முதலாளியைத் தேடி வர வாய்ப்பு அதிகம். அறுபது வயதுத் தொழிலதிபரோடு இருப்பவருக்கு சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் முதலுதவி, தெரியாமல் இருப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, படித்தால் வராது, பொம்மையில் அழுத்திப் பழக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகளின் முதலுதவி வகுப்பில் சேருங்கள். ரத்தக் கசிவை நேரடியாக அழுத்தி நிறுத்துவது, மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, தொண்டையில் உணவு சிக்கினால் என்ன செய்வது, இதெல்லாம் கைக்கு வர வேண்டும். முதலாளியின் ரத்த வகை, ஒவ்வாமை, தினசரி மாத்திரை, டாக்டர் நம்பர் ஒரு சின்ன அட்டையில் உங்கள் பர்சில் இருக்கட்டும். 108க்குப் போன் போட்டால் முதலில் இடத்தைத்தான் கேட்பார்கள், நிற்கிற இடத்தின் பெயரும் பக்கத்து அடையாளமும் எப்போதும் வாயில் தயாராக இருக்க வேண்டும்.

துப்பாக்கி

புதியவருக்குத் தேவையில்லை. வேண்டும் என்றால் 21 வயது முடிந்திருக்க வேண்டும், மாவட்ட ஆட்சியரிடமும் சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும், உரிமம் எளிதில் கிடைக்காது. முதலாளியின் துப்பாக்கியை "நீ வச்சிக்கோ" என்று கொடுத்தால் உங்கள் பெயரில் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள், ஆயுதச் சட்ட வழக்கில் உள்ளே போவது நீங்கள்தான். உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதைப் பார்க்காமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள், அப்போது கையில் துப்பாக்கி இல்லாமல் வேலை பார்க்கத் தெரிய வேண்டும். கொண்டாட்டத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

எவ்வளவு தூரம் கை வைக்கலாம்

பாடிகார்டுக்கு என்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது. தெருவில் போகிற சாதாரண ஆளுக்கு இருக்கும் உரிமைதான் உங்களுக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு பற்றியவை. தன் உடலை மட்டுமல்ல, இன்னொருவர் உடலைக் காக்கவும் உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. கீழே விழுந்தவனை மிதித்தால் அதற்குப் பெயர் தற்காப்பு இல்லை. உங்கள் கண்ணெதிரே பெரிய குற்றம் செய்தவனைப் பிடித்து வைக்கலாம், 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். செல்ஃபி எடுத்தவரின் போனைப் பிடுங்கவோ, படத்தை அழிக்கச் சொல்லி அறையில் பூட்டி வைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை.

2024 டிசம்பர் 4 அன்று ஹைதராபாத் சந்தியா தியேட்டருக்கு நடிகர் அல்லு அர்ஜுன் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்த பிறகு, வழக்கில் பவுன்சர் தரப்பிலும் கைது நடந்தது. பொதுமக்களைத் தள்ளினாலும் போலீசார் மேல் கை வைத்தாலும் சும்மா விடமாட்டோம் என்று அந்த நகரப் போலீஸ் கமிஷனர் வெளிப்படையாக எச்சரித்தார். இப்போது ஒவ்வொரு தள்ளலும் நூறு செல்போனில் பதிவாகிறது. கூட்டத்தைத் தள்ளி வழி பண்ணுவது கைவிட வேண்டிய பழக்கம். முதலாளி வரும் நேரத்தை மாற்றுவது, வாசலை மாற்றுவது, முன்பே கயிறு கட்டி வழி விடுவது, இதெல்லாம் முடியாத இடத்துக்கு அவரை வரவேண்டாம் என்று சொல்வது, இந்த வரிசையில் யோசியுங்கள்.

முதலாளியோடு

வேலையில் சேர்ந்த சில வாரத்தில் கையில் ஷாப்பிங் பை வந்துவிடும், அப்புறம் குழந்தையைப் பள்ளியில் இருந்து கூட்டி வருவது, நாயை நடத்துவது. கோபப்படாதீர்கள், ஆனால் வெளியே இருக்கும்போது மட்டும் கையில் எதையும் வாங்காதீர்கள். "மேடம், என் கை ஃப்ரீயா இருக்கணும், டிரைவர் அண்ணன்கிட்ட கொடுத்துடறேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, காரணம் புரிந்துவிட்டால் அவர்களே அடுத்த முறை கொடுக்க மாட்டார்கள்.

அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். கார் பேச்சு, வீட்டுச் சண்டை, யார் வந்தார்கள் எதுவும் வெளியே போகக் கூடாது. நிறுவனம் வழியாக வேலையில் இருப்பவருக்கு இது சட்டத்திலேயே உள்ள கட்டுப்பாடு, வேலையை விட்டுப் போன பிறகும் பொருந்தும், போலீஸ் விசாரணை மாதிரி சட்டம் கேட்கும் இடங்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. முதலாளியோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் எந்த ஊரில், எந்த ஹோட்டலில், எந்தக் காரில் இருக்கிறார் என்பதை அவருடைய எதிரிக்கு இலவசமாக எழுதிக் கொடுத்துவிட்டு அவரைக் காக்கிறேன் என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

ரொம்ப முக்கியமாக ஒன்று. "அந்த இடத்தைக் காலி பண்ண மாட்டேங்கிறான், நீங்க நாலு பேர் போய்ச் சும்மா நில்லுங்க" என்று ஒரு நாள் கேட்பார்கள். நிலப் பிரச்சினை, கடன் வசூல், கட்டப்பஞ்சாயத்து எதுவாக இருந்தாலும் அந்த வண்டியில் ஏறாதீர்கள். "சும்மா நிற்க"ப் போனவர் பெயரும் எஃப்.ஐ.ஆரில் வரும். முதலாளிக்கு வக்கீல் இருப்பார், ஜாமீன் எடுப்பார், அடுத்த மாதம் வேறு ஆளை வைத்துக்கொள்வார். உங்களுக்கோ இனி எந்தப் போலீஸ் சரிபார்ப்பும் சுத்தமாக வராது. "சார், உங்க பக்கத்துல எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கிறேன், இதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லுங்கள். அதனால் வேலை போனால் போகட்டும், இந்த ஒரு விஷயத்தில் வளைந்து கொடுக்கவே கூடாது.

பெண்களுக்கு

தயங்காமல் வாருங்கள். பெண் தொழிலதிபர்கள், நடிகைகள், குழந்தைகள் இருக்கிற குடும்பங்கள் பெண் பாதுகாவலரைத் தேடுகிறார்கள், ஓய்வறை வரை கூட வர முடிகிற ஆள் அவர்களுக்கு வேண்டும். பெண்களைச் சோதிப்பதற்கும் பெண்தான் தேவை. ஆனால் சேரும் முன் இரவு டியூட்டி முடிந்தால் வீட்டுக்கு வண்டி உண்டா, வெளியூரில் தனி அறை உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். காவல்துறைத் தேர்வில் தேறாமல் போன, ஓட்டமும் உயரமும் உள்ள பெண்கள் எத்தனையோ பேர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களிடம் இந்தத் துறையைப் பற்றி யாரும் சொல்வதே இல்லை.

வெளிநாடு

வளைகுடா நாடுகளில் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வரும் அழைப்புகளில் ஜாக்கிரதை. ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். விதிப்படி அவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், லட்சக்கணக்கில் கேட்டால் ஏமாற்று. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். லண்டன் பக்கம் குடியுரிமையோ வேலை அனுமதியோ உள்ள நம் பிள்ளைகளுக்கு வழி தெளிவாக இருக்கிறது: எஸ்.ஐ.ஏ. என்ற அரசு அமைப்பு பாடிகார்டுகளுக்குத் தரும் குளோஸ் புரொடக்‌ஷன் உரிமம் வேண்டும், பயிற்சிக்கு முன் முதலுதவிச் சான்றிதழ் வேண்டும், உரிமம் மூன்று வருடம் செல்லும், அதே உரிமத்தை வைத்து பார், கிளப் வாசல் வேலையும் பார்க்கலாம் என்பதால் பாடிகார்ட் வேலை கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. எந்த நாடு என்றாலும் ஒப்பந்தத்தில் வேலையின் பெயர், சம்பளம், மணி நேரம், தங்குமிடம் நான்கும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.